உப்பில் சாகாத சிவப்பு

பம்பாய் தாராவியில் பிச்சையாவின் கையைப் பற்றித் தெரியாத தோல்காரர்கள் ரொம்பக் குறைவு. அவர் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் ஆறு மாதம் கிடந்தாலும் கெடாது என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. பதினெட்டு வருஷமாக உப்பிலேயே புழங்கி, அவருடைய உள்ளங்கை இரண்டும் வறண்ட குளத்தின் தரை போல வெடித்திருந்தன.

அவருடைய மகள் பேராச்சிக்குப் பதினோரு வயது. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படித்தாள். யாராவது, "உங்க அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் போதும், அவள் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"உப்புப் போடுதாவ" என்பாள், ஏதோ மின்சார ரயில் ஓட்டுகிறார் என்று சொல்வது போல.

உப்புப் போடுவதில் அப்படி என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். ஜெயினுலாப்தீன் முதலாளியின் தோல் கிடங்கில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். விடிந்ததும் பாந்த்ராவில் ஆடு வெட்டும் கூடத்திலிருந்து லாரியில், அப்போதுதான் உரித்த பச்சைத்தோல் வந்து இறங்கும். வெயில் ஏறுவதற்குள் அத்தனை தோலையும் விரித்து, மூலை முடுக்கு விடாமல் உப்பைத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு மடிப்பில் உப்புப் படாமல் போனாலும் அந்த இடத்தில் அழுகிவிடும். பிச்சையா அடுக்கிய தோலில் அப்படி ஓர் இடத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஒவ்வோர் அடுக்குக்கு மேலும் சுவரில் ஒரு சிலேட் தொங்கும். யார் உப்புப் போட்டாரோ அவர் பெயரை அதில் எழுதுவார்கள். 'பிச்சையா' என்று எழுதியிருந்தால், வாங்க வருபவர்கள் தோலைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கிடங்கில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, நல்ல தண்ணீர் உள்ளே வரக்கூடாது. தண்ணீர் பட்டால் தோல் அழுகும் என்று எல்லோருக்கும் பயம். இரண்டு, உப்பை வீணாக்கக் கூடாது. ஓர் அடுக்கு விற்றுப் போனதும் தரையில் கிடக்கும் உப்பைக் கூட்டி அள்ளி மூலையில் குவித்து வைப்பார்கள். அடுத்த அடுக்குக்கு அதிலிருந்து கொஞ்சம், புது மூட்டையிலிருந்து கொஞ்சம் என்று கலந்து போடுவார்கள். கடல் கொடுத்த உப்பைக் காலால் மிதித்துத் தள்ளினால் அடுத்த வேளைச் சோற்றில் ருசி இருக்காது என்பார் பிச்சையா.

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷத்துக் கதை. மழைக்காலம் முடிந்து அக்டோபர் வெயில் தாராவியின் தகரக் கூரைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் அந்தச் சிவப்பு வந்தது.

முதலில் ஓர் அடுக்கில் வந்தது. மேல்தோலை எடுத்துப் பார்த்தால், அடியில் இருந்த தோல்களின் உள்பக்கத்தில் வெற்றிலைச் சாறு துப்பியது போலத் திட்டுத்திட்டாகச் சிவப்பு. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது, வாடையும் வேறாக இருந்தது. சிவந்த இடத்தில் முடி கையோடு வந்தது.

ஜெயினுலாப்தீன் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் கோபம் வந்தால் கடுகு போலப் பொரிவார். உப்புப் பற்றவில்லை என்று சொல்லிவிட்டார். பிச்சையா போட்ட உப்புப் பற்றவில்லை என்று சொல்வது சாதாரணப் பேச்சு இல்லை. சமையல்காரரிடம் போய் உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்று சொல்வது போல. அவர் முகம் கறுத்துவிட்டது.

அடுத்த அடுக்குக்கு அவர் இரண்டு மடங்கு உப்புப் போட்டார். மூலையில் இருந்த குவியலைக் கூடை கூடையாக அள்ளித் தூவினார். முதல் அடுக்கில் திட்டுத்திட்டாக வந்த சிவப்பு, இந்த அடுக்கில் தோல் முழுக்கப் படர்ந்தது.

முதலாளி சிலேட்டின் அருகே போனார். அதைத் திருப்பி, பெயர் தெரியாதபடி சுவரைப் பார்க்க மாட்டினார்.

"இன்னும் ஒரு அடுக்கு பாப்பேன், பிச்சையா. அதுவும் செவந்துச்சுன்னா நீ லாரில சொமை எறக்கப் போ. உப்புக்கு வேற ஆளு போட்டுக்கிடுதேன்."

மேஸ்திரி கணேசபாண்டியனுக்கு வாய் சும்மா இருக்காது. பிச்சையா உப்போடு மஞ்சள் குங்குமமும் சேர்த்துப் போட்டாரோ என்னமோ, தோலுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பு நாலு சந்து தாண்டிப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. பேராச்சிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. தன் அப்பாவின் கை தப்புச் செய்யாது என்று அவளுக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அவள் கிடங்குக்குப் போனபோது, வாசலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான இளைஞர். மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. மாட்டுங்காவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பதாகவும், பெயர் மகாதேவன் என்றும் சொன்னார். பிறகு, அங்கே கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

"இங்கே சிவப்பு விழுந்த தோல் இருக்கா? கொஞ்சம் வேணும்."

கணேசபாண்டியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல தோல் கேட்டு ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள், கெட்ட தோல் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பிச்சையா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சிரிப்புக்கு ஆளாகி நிற்பது எப்படி இருக்கும் என்று பேராச்சிக்கு இந்த இரண்டு வாரத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. தூக்குச்சட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். கெட்டுப்போன தோல்களை வாசலுக்கு வெளியே குவித்திருந்தார்கள். அதிலிருந்து நன்றாகச் சிவந்த ஒரு துண்டையும், அதில் ஒட்டியிருந்த உப்பையும் ஒரு தகர மூடியில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"இந்தாங்க சார். இது ஒரே அழுக்கா இருக்கு. குழாய்ல கழுவிட்டுத் தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். கழுவினா செத்துடும்."

பேராச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கறை எப்படிச் சாகும்?

"கறை இல்லைம்மா இது. உயிர். கோடிக்கணக்கான கிருமி, பாக்டீரியா, ஒண்ணா சேர்ந்து சிவப்பாத் தெரியறது. போன தடவை சுத்தமான தண்ணியில கழுவி எல்லாத்தையும் வெடிக்க விட்டுட்டேன். மூணு மாச வேலை போச்சு. எங்க ப்ரொபஸர் இன்னும் என்னோட பேசலை."

தன் அப்பாவைப் போலவே திட்டு வாங்கிய மனிதர் என்று தெரிந்ததும் பேராச்சிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் அவர் சொன்னதை நம்ப முடியவில்லை. உப்புப் போட்ட இடத்தில் புழு பூச்சிகூட வராதே என்று கேட்டாள். கவிழ்த்துப் போட்டிருந்த உப்புக் கூடை ஒன்றின்மேல் மகாதேவன் உட்கார்ந்தார். கேள்வி கேட்டால் அவரால் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது போலிருக்கிறது.

உப்புப் பட்டால் சாதாரணக் கிருமியின் உடம்பிலிருக்கும் தண்ணீர் வெளியே போய்விடும் என்றார் அவர். பேராச்சி தலையாட்டினாள். அம்மா எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டால் சாறு வெளியே வந்து காய் சுருங்கிப்போவதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இது மட்டும் ஏன் சார் சுருங்கல?"

"உள்ளேயும் உப்பு வச்சிருக்கு. ஆனா வேற உப்பு. நாம சாப்பிடற உப்பு தண்ணியில கரைஞ்சா, சோடியம்னு ஒரு துணுக்கு பிரியும். அயனின்னு சொல்லுவோம். அது உள்ளே நிறைஞ்சா இந்தக் கிருமிக்கு ஆகாது. அதனால சோடியத்தை வெளியே தள்ளிண்டே இருக்கு. பொட்டாசியம்னு வேற ஒரு அயனி இருக்கு. அதைத் தேடிப் பிடிச்சு உள்ளே சேர்த்துக்கறது. உள்ளேயும் வெளியேயும் பலம் சமமாயிடறதா, தண்ணி வெளியே போறதில்லை. இத்தனையும் நடக்கறது ஒரே ஒரு மெல்லிய தோல்ல. சவ்வுன்னு பேர்."

தோல் என்று காதில் விழுந்ததும் பேராச்சி அவர் பக்கத்தில் நெருங்கி வந்து உட்கார்ந்தாள். தோல் விஷயம் அவள் வீட்டு விஷயம்.

"சயான் ஸ்டேஷன்ல காலையில வண்டி வருமே, அது மாதிரியா சார்? எல்லாரும் ஏறப் பாப்பாவ. கதவுல ஒருத்தர் நின்னுக்கிட்டு வேண்டாதவங்கள வெளிய தள்ளுவாரு. தெரிஞ்சவங்கள மட்டும் கையப் பிடிச்சு உள்ள இழுப்பாரு."

மகாதேவன் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பேராச்சி சொன்னதை யாரும் இதற்கு முன் எழுதிக்கொண்டதில்லை. அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

"அந்தக் கதவுக்காரரு தூங்கிட்டாருன்னா?"

"எல்லாம் கலந்துடும். கிருமி செத்துடும். அதனால அது தூங்கறதே இல்லை."

"அப்ப அவருக்குச் சோறு வேணுமே."

"தோல்தான் அதுக்குச் சோறு. சோத்திலேர்ந்து கிடைக்கற பலம் அந்தக் கதவுக்கு எப்படிப் போய்ச் சேர்றதுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது. பெரிய பெரிய விஞ்ஞானிகளே அதுக்குச் சண்டை போட்டுண்டிருக்கா."

நல்ல தண்ணீரில் போட்டால் ஏன் வெடிக்கிறது என்பதை அவர் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். வெளியே உப்பு இல்லை, உள்ளே மட்டும் உப்பு நிறைய இருக்கிறது, அதனால் தண்ணீர் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போகும். மகாதேவன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த யோசனை கழுவுவதற்கு முன்னால் அவருக்கு வந்திருக்கலாம்.

தோல் துண்டை நல்ல தண்ணீரில் நனைக்காமல், கெட்டியான உப்புத் தண்ணீர் ஊற்றிய புட்டியில் போட்டு எடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள் பேராச்சி. அவர் அவள் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவளுக்கு அது உறைத்தது. உப்புதான் அந்தக் கிருமிக்கு வீடு. கெட்டுப்போன அடுக்கிலிருந்து கூட்டி அள்ளிய உப்பில் அது உயிரோடு குடியிருக்கும். அந்த உப்பைத்தான் அப்பா கூடை கூடையாகப் புதுத்தோல் மேல் தூவினார். கஞ்சத்தனத்தால் தோல் சிவக்கவில்லை. அவருடைய தாராளத்தால் சிவந்தது.

அப்பாவின் கையில் தப்பு இல்லை என்று காட்டப் போய், பழி அப்பாவின் கையிலேயே வந்து நின்றுவிட்டதே. மூன்றாவது அடுக்குக்கும் அவர் உப்புப் போட்டு முடித்தாயிற்று. வெறும் ஊகத்தை வைத்துக்கொண்டு இதை அவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். முதலில் பார்த்துவிட வேண்டும்.

மூன்று பழைய தகர டப்பாக்களைத் தேடிப் பிடித்தாள். கிடங்கில் வெட்டிப் போட்ட தோல் நறுக்குகளில் ஒரே அளவாக மூன்றை எடுத்து வந்தாள். முதல் டப்பாவில் தரையில் கூட்டிய பழைய உப்பைப் போட்டாள். மூன்றாவதில் புது மூட்டை உப்பு. இரண்டாவது டப்பாவுக்குத்தான் அம்மாவின் தயவு வேண்டியிருந்தது.

அவள் அம்மா முருகம்மாள் ஊறுகாய்க்கு உப்பை எப்போதும் வறுத்துத்தான் போடுவாள். வறுத்த உப்புப் போட்டால் ஊறுகாய் பூசணம் பிடிக்காது. அதே மாதிரி பழைய உப்பையும் வறுத்துப் பார்த்தால் என்ன? கிருமி உயிருள்ளது என்றால் சூட்டில் சாகும். வெறும் கறை என்றால் சாகாது.

"எஞ் சட்டியில தோல் உப்ப வறுக்கப் போறியா? ஏட்டி, அடுப்புல ஒன்னைய வச்சு வறுத்துருவேன்" என்றாள் முருகம்மாள். விஷயத்தைக் கேட்டபிறகு, துருப்பிடித்துப் போன பழைய இரும்புச் சட்டி ஒன்றைப் பரணிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். உப்பு படபடவென்று வெடிக்கும்வரை கூடவே நின்று கிளறினாள்.

மூன்று டப்பாக்களும் கூரைமேல் ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று என்று பேராச்சி சாக்கட்டியால் எண் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடை தாங்காமல், எலி செத்துக் கிடக்கிறது என்று இரண்டு நாள் தேடினார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து தேடினாள். வேறு என்ன செய்வது?

பன்னிரண்டாம் நாள் காலையில் டப்பாக்களை இறக்கினாள். முதல் டப்பாவில் தோல் முழுக்கச் சிவப்பு. மூன்றாவதில் ஓர் ஓரத்தில் மிளகு அளவுக்கு லேசாக ஒரு புள்ளி. வறுத்த உப்புப் போட்ட இரண்டாவது டப்பாவில் தோல் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் துள்ளிக் குதிக்க முடியவில்லை. அதே காலையில் கிடங்கில் மூன்றாவது அடுக்கைப் பிரித்திருந்தார்கள். எல்லாமே சிவந்திருந்தது. அவள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அப்பா முகம் கழுவாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி முன்னால், மேஸ்திரி முன்னால் இதைச் சொன்னால் அப்பா எவ்வளவு கூனிப்போவார் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அதனால் மூன்று டப்பாக்களையும் கொண்டுவந்து அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒங்க கைல தப்பு இல்லப்பா. பழைய உப்புலதான் இருந்திருக்கு. யாருக்கும் தெரியல."

பிச்சையா டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இரண்டாவது டப்பாவின் தோலை விரலால் தடவினார். முடியை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மூன்றையும் பழையபடி வரிசையாக வைத்தார்.

"அப்ப நாந்தான் அள்ளி அள்ளிப் போட்டு வளத்திருக்கேன்" என்றார் கடைசியில். பிறகு எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "வா. மொதலாளிகிட்ட நானே சொல்லுதேன். நீ கூட வந்து நில்லு, அது போதும்."

தப்பை ஒத்துக்கொள்ளப் போகிற மனிதர் மாதிரி அவர் நடக்கவில்லை. பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நடந்தார். பேராச்சி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

ஜெயினுலாப்தீன் முதலாளி ஜும்மா தொழுகை முடித்துவிட்டுத் தொப்பியோடு அப்போதுதான் வந்திருந்தார். பிச்சையா மென்று முழுங்காமல் சொன்னார். பழைய உப்பைப் போட்டது தான்தான், அதிகமாகப் போட்டதும் தான்தான், அதில்தான் கேடு இருந்தது, கண்டுபிடித்தது தன் மகள் என்றார். முதலாளி டப்பாக்களைப் பார்த்தார். பேராச்சியைப் பார்த்தார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

கணேசபாண்டியன்தான் சிரித்தார். உப்பிலே உயிர் இருக்கிறதென்றால் இனிமேல் ரசத்துக்கு உப்புப் போடும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

பேராச்சி கண்ணாடித் தம்ளர் இரண்டு கேட்டாள். ஒன்றில் நல்ல தண்ணீர் ஊற்றினாள். இன்னொன்றில் தண்ணீரோடு உப்பைப் போட்டு, இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கலக்கினாள். சிவந்த தோலிலிருந்து பிசுபிசுப்பைக் குச்சியால் வழித்து இரண்டிலும் சமமாகப் போட்டுக் கலக்கினாள்.

உப்புத் தண்ணீர் செக்கச்செவேல் என்று கலங்கி நின்றது. நல்ல தண்ணீரும் முதலில் அப்படித்தான் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கலங்கல் கரைந்து தெளிந்தது. கிடங்கில் இருந்த அத்தனை பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் லேசான ரோஜா நிறம் மட்டும் மிஞ்சியது. குச்சியை எடுத்தால் வடித்த கஞ்சி போல வழவழவென்று நூல் விட்டது.

"மேஸ்திரி மாமா, அது அழுக்குன்னா ரெண்டுலயும் ஒரே மாதிரிதான இருக்கணும்?" என்று கேட்டாள் பேராச்சி. "உப்புல சொகமா இருக்கு. நல்ல தண்ணில வெடிச்சிட்டு."

கணேசபாண்டியன் குனிந்து இரண்டு தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டே, புது மூட்டை உப்பிலும் ஒரு புள்ளி இருக்கிறதே என்று கேட்டார். கூர்மையான ஆள்தான். இத்துணூண்டு அதிலும் இருக்கும்தான், ஆனால் அதையே கூட்டிக் கூட்டித் திரும்பப் போட்டால்தான் பெருகும் என்றாள் பேராச்சி. பழைய உப்பைக் கொட்டிவிட்டுத் தரையையும் கூடைகளையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்றும் சொன்னாள்.

நல்ல தண்ணீரா? கிடங்குக்குள்ளா?

"தோல் இல்லாத நேரத்துல கழுவுனா என்ன மொதலாளி? நல்லாக் காஞ்ச பெறகு தோல எறக்குனா என்ன?"

முதலாளி பிச்சையா பக்கம் திரும்பினார்.

"ஒன் மவ பேச்சக் கேட்டு எங்க வாப்பா காலத்துச் சட்டத்த ஒடைக்கப் போறேன் பாத்துக்கோ. அடுத்த அடுக்குக்கும் நீதான் உப்புப் போடுத."

பழைய உப்பு அத்தனையும் கைவண்டியில் ஏறி மாஹிம் கழிமுகத்துக்குப் போய்க் கடலில் சேர்ந்தது. பாவம் என்று பிச்சையா சொல்லவில்லை. கிடங்குக்குள் முதல் குடம் நல்ல தண்ணீரை ஊற்றியதும் அவர்தான். கணேசபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகத் தேய்த்தார். மூன்று நாள் கதவைத் திறந்துவைத்துத் தரையைக் காயவிட்டார்கள். அப்புறம் புது உப்பு வந்தது. பாந்த்ராவிலிருந்து புதுத்தோல் வந்தது. பிச்சையாவின் கை பழையபடி மடிப்பு மடிப்பாகத் தேய்த்து அடுக்கியது.

மூன்று வாரம் கழித்து அந்த அடுக்கைப் பிரிக்கிற நாளில் பேராச்சி பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாள். விடிவதற்கு முன்பே கிடங்கில் வந்து நின்றாள். முதல் தோலைத் தூக்கினார்கள். வெளுப்பு. பத்தாவது தோல் வெளுப்பு. நடுவிலிருந்து உருவினார்கள், அதுவும் வெளுப்பு. முதலாளியே தரையில் மண்டி போட்டுக் கடைசித் தோலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதை அப்படியே மெதுவாக விரித்து வைத்தார்.

அன்றைக்கே ஒரு கடிதமும் வந்தது. உறையின்மேல் 'செல்வி பேராச்சி, ஜெயினுலாப்தீன் தோல் கிடங்கு, தாராவி' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. எழுதியவர் மகாதேவன். உப்புத் தண்ணீரில் எடுத்துப் போன கிருமிகள் நன்றாகப் பிழைத்துக்கொண்டனவாம். அளந்து பார்த்தபோது, வெளியே அத்தனை சோடியம் இருந்தும் உள்ளே பொட்டாசியம்தான் குவிந்து கிடந்ததாம். ப்ரொபஸர் மறுபடி பேசுகிறாராம். ஆராய்ச்சி நோட்டில் அந்தக் கிருமி எங்கே கிடைத்தது என்று எழுதுகிற இடத்தில் தாராவி என்றும், கொடுத்தவர் என்கிற இடத்தில் அவள் பெயரையும் எழுதியிருக்கிறாராம்.

பிச்சையாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்தக் கடிதத்தை நானே படிப்பேன் என்று அடம்பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார். மகள் பெயர் வந்த வரியை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் கிடங்கில் எல்லோரும் கேட்டார்கள்.

ஜெயினுலாப்தீன் முதலாளி சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த சிலேட்டைக் கழற்றினார். சட்டைக் கையாலேயே தூசியைத் துடைத்துப் பேராச்சியிடம் நீட்டினார். பழைய எழுத்து மங்கிப் போயிருந்தது. அவள் சாக்கட்டியை எடுத்து, 'பிச்சையா' என்று அழகாக எழுதினாள்.

"கீழ எடம் கெடக்குல்லா" என்றார் பிச்சையா. "ஒம் பேரையும் எழுது."

'பேராச்சி' என்று எழுதினாள். சந்தோஷத்தில் அப்பாவின் பெயரைவிட அவள் பெயர் ரொம்பப் பெரிதாக விழுந்துவிட்டது. அதை அழிக்கப் போனவளின் கையைப் பிச்சையாவின் வெடித்த உள்ளங்கை பிடித்துக்கொண்டது.

"இருக்கட்டும்ட்டி. சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி அந்தச் சிலேட்டை அவரே சுவரில் மாட்டினார்.